எந்த எண்ணெய், எந்த அளவு, எந்தப் பிரச்சினைக்கு?

கேள்வி: டாக்டர், எனக்கு 41 வயது. ஒரு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். இரவில் தூக்கம் சரியில்லை, மனதில் எப்போதும் ஒரு படபடப்பு. கணவருக்கு ஐ.பி.எஸ். என்ற குடல் எரிச்சல் கோளாறு இருக்கிறது; வயிற்றைப் பிசைகிற வலி வருவதும் போவதுமாக இருக்கும். சின்னவனுக்கு இரண்டு வயது, அடிக்கடி சளி பிடிக்கிறது. என் நெருங்கிய தோழி எசென்ஷியல் ஆயில் (செடிகளிலிருந்து எடுக்கும் அடர்த்தியான வாசனை எண்ணெய்) விற்பனையில் சேர்ந்திருக்கிறாள். எனக்கும் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறாள். தூக்கத்துக்கும் பிரஷருக்கும் லாவெண்டர், கணவருக்குத் தண்ணீரில் இரண்டு சொட்டு பெப்பர்மின்ட், குழந்தைக்கு நெஞ்சிலும் மூக்கின் கீழும் யூகலிப்டஸ் என்று சொல்கிறாள். எல்லாமே அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டவை, தெரபியூட்டிக் கிரேடு (சிகிச்சைத் தரம்), பக்கவிளைவே கிடையாது என்கிறாள். ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் அனுப்புகிறாள். நம்பலாமா? மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாமா?

பதில்: முதலில் குழந்தை விஷயத்தைப் பேசிவிடுவோம். யூகலிப்டஸ் தைலத்தை அவனுக்கு மூக்கருகிலோ நெஞ்சிலோ தடவ வேண்டாம். அந்தப் பாட்டிலை இன்றைக்கே பூட்டி வைக்கக்கூடிய அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. யூகலிப்டஸ் தைலத்தில் பெரும்பங்கு இருப்பது சினியோல் என்ற பொருள். அளவு மீறி உடம்புக்குள் போனால் அது மூளையின் வேலையை மந்தமாக்கும். சின்னக் குழந்தை ஒரு டீஸ்பூன் அளவு விழுங்கினாலே, சில சமயம் அதைவிடக் குறைவாக விழுங்கினாலும், கொஞ்ச நேரத்திலேயே தள்ளாட்டம், மயக்கம், வலிப்பு என்று போய்விடலாம். இது மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. கற்பூரம் கலந்த தைலங்களும் வலிப்பைக் கொண்டுவரக்கூடியவை. மேல்பூச்சு மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1980களிலேயே வரம்பு கட்டியது அதனால்தான். மெந்தால் உள்ளவற்றைக் கைக்குழந்தையின் மூக்கருகே தடவினால் மூச்சுக்குழல் சட்டென்று இறுகி மூச்சு தடைபட்ட சம்பவங்களும் உண்டு.

தப்பித்தவறிக் குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இந்த எண்ணெய்கள் கெட்டியில்லாமல் நீராக ஓடக்கூடியவை. வாந்தி எடுக்கும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் அங்கே கடுமையான அழற்சி வரும். எத்தனை சொட்டு போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டு நிற்காமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். சாதாரணச் சளிக்கு மூக்கில் விடுகிற உப்புநீர்ச் சொட்டு, போதுமான நீராகாரம், இரண்டும் போதும். வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புகளின் இடைவெளி உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். எசென்ஷியல் ஆயிலுக்கு அறிவியல் ஆதாரம் உண்டா என்று மொத்தமாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. எந்த எண்ணெய், எந்த அளவு, எந்த வழியாக உடம்புக்குள் போகிறது, எந்தப் பிரச்சினைக்கு என்று நான்கையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் உண்டு. உங்கள் தோழி அனுப்பும் கட்டுரைகளில் பல உண்மையானவையாகவே இருக்கும். ஆனால் ஒரு எண்ணெய்க்கு ஒரு விதமான பயன்பாட்டில் கிடைத்த ஆதாரத்தை, அந்தப் பெட்டியில் இருக்கிற எல்லாப் பாட்டிலுக்கும் எல்லா விதமான பயன்பாட்டுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான்.

உங்கள் கணவரின் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எசென்ஷியல் ஆயில்களிலேயே நல்ல ஆதாரம் உள்ள பயன்பாடு எது என்று என்னைக் கேட்டால், ஐ.பி.எஸ். வலிக்குப் பெப்பர்மின்ட் எண்ணெய் என்றுதான் சொல்வேன். அதிலுள்ள மெந்தால், குடல் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுக்கிறது. கால்சியம் போகாவிட்டால் தசை இறுகாது. பிசைகிற வலி தளர்வதற்கு இதுதான் காரணம். பல சோதனைகளில், மருந்தில்லாத போலி மாத்திரையை விட இது கூடுதலான பேருக்கு வலியைக் குறைத்திருக்கிறது. அமெரிக்கக் குடல்நோய் நிபுணர்கள் சங்கம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், ஆதாரத்தின் தரம் குறைவு என்பதை ஒப்புக்கொண்டே, இதைப் பரிந்துரைத்திருக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நெதர்லாந்தில் 190 பேரை வைத்து எட்டு வாரம் கவனமாக நடத்திய ஒரு சோதனை 2020-ல் வெளியானது. வலி இத்தனை சதவீதம் குறைந்தால்தான் பலன் என்று கணக்கில் எடுப்போம் என முன்கூட்டியே ஒரு கோடு கிழித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள். அந்தக் கோட்டை வைத்துப் பார்த்தபோது பெப்பர்மின்டுக்கும் போலி மாத்திரைக்கும் புள்ளிவிவரப்படி வித்தியாசம் இல்லை. வலியின் சராசரி அளவு, வயிற்று அசௌகரியம் போன்ற இரண்டாம் நிலை அளவீடுகளில் மட்டும், குடலின் முற்பகுதியிலேயே திறக்கும் கேப்சூல் முன்னே நின்றது. ஆக, பலன் இருக்கிறது, ஆனால் பெரிய பலன் இல்லை என்பது என் முடிவு. பாதுகாப்பான பொருள் என்பதால் முயன்று பார்க்கத் தகுந்தது.

இவ்வளவும் எந்த வடிவத்துக்குக் கிடைத்த ஆதாரம் என்பதைக் கவனிக்க வேண்டும். வயிற்று அமிலத்தில் கரையாத மேலுறை போட்ட கேப்சூல், ஒன்றில் சுமார் 0.2 மில்லிலிட்டர் எண்ணெய், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, நாளைக்கு மூன்று வேளை. தண்ணீரில் இரண்டு சொட்டு விடுவது இதற்கு ஈடாகாது. எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும். குடிக்கும்போது அடர்த்தியான எண்ணெய் அப்படியே வாயிலும் தொண்டையிலும் பட்டு எரியும். வயிற்றுக்குள் போனதும் மெந்தால் அதே வேலையைத்தான் செய்யும், ஆனால் வேண்டாத இடத்தில் செய்யும். உணவுக்குழாயின் அடியில் அமிலம் மேலே வராமல் மூடி வைத்திருக்கிற தசையைத் தளர்த்திவிடும். வயிற்று வலிக்குக் குடித்தவர் நெஞ்செரிச்சலோடு வந்து நிற்பார். கேப்சூலைக் கடித்துச் சாப்பிடக் கூடாது, அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு சேர்த்து விழுங்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். இரண்டிலும் உறை முன்னாடியே திறந்துகொள்ளும்.

உங்கள் கணவர் தன் டாக்டரிடம் கேட்டுவிட்டு இந்தக் கேப்சூலை நான்கு வாரம் சாப்பிட்டுப் பார்க்கலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த சோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற வலி, இவற்றில் ஏதாவது இருந்தால் கேப்சூலைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் பரிசோதனைக்குப் போகட்டும்.

அடுத்தது லாவெண்டர். இதற்கும் படபடப்பு விஷயத்தில் ஆதாரம் இருக்கிறது, அதுவும் கேப்சூலுக்குத்தான். ஜெர்மனியில் 80 மில்லிகிராம் லாவெண்டர் எண்ணெய் அடங்கிய கேப்சூலை மருந்தாகவே விற்கிறார்கள். 2010-ல் வெளியான ஒரு சோதனையில் 77 பேருக்கு ஆறு வாரம் இதையோ லோராசெபாம் என்ற பதற்ற மருந்தையோ கொடுத்தார்கள். இரண்டு குழுவிலும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. 2014-ல் 539 பேரை வைத்துப் பத்து வாரம் நடந்த இன்னொரு சோதனையில் போலி மாத்திரையை விட இந்தக் கேப்சூல் மேலாக இருந்தது. லோராசெபாம் போலப் பழக்கமாகிவிடும் தொல்லை இதில் தென்படவில்லை. பெரும்பாலும் சொல்லப்பட்ட தொல்லை, லாவெண்டர் மணத்தோடு வரும் ஏப்பம்தான்.

நல்ல செய்திதான். ஆனாலும் இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் கொடுத்தது அந்தக் கேப்சூலைத் தயாரிக்கும் நிறுவனமே. அதனால் முடிவுகள் பொய் என்று ஆகிவிடாது. தொடர்பில்லாத வேறு குழுக்களும் செய்து பார்த்து அதே முடிவைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் நான் எதிர்பார்க்கிறேன். அப்புறம், இதைப் படித்துவிட்டு உங்கள் பெட்டியில் இருக்கும் லாவெண்டர் பாட்டிலிலிருந்து நாக்கில் சொட்டு விட்டுக்கொள்ளாதீர்கள். கேப்சூலில் இருப்பது, அதன் முக்கியப் பொருள்களான லினலூலும் லினலைல் அசிட்டேட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் இருக்கும்படி தயாரித்த எண்ணெய். வாசனைக்காக விற்கும் பாட்டிலுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

முகர்வது மட்டும் பலன் தராதா என்று கேட்பீர்கள். இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மற்றப் புலன்களின் செய்தி மூளையில் தாலமஸ் என்ற இடைநிலையத்தைத் தொட்டுவிட்டுத்தான் மேலே போகும். மணத்தின் செய்தி அங்கே நிற்காமல் உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவுக்கு நேராகவே போய்ச் சேருகிறது. ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு லினலூலின் மணத்தை மட்டும் காட்டினார்கள். எலிகளின் பயம் குறைந்தது. மோப்ப நரம்புகள் செயலிழந்த எலிகளுக்கு அதையே காட்டியபோது ஒன்றும் நடக்கவில்லை. லோராசெபாம் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுக் காட்டினாலும் பலன் மறைந்துபோனது. 2018-ல் வெளியான ஆய்வு இது. மணம் மூக்கு வழியாக, ஏற்கெனவே நமக்குத் தெரிந்த ஒரு பாதையில்தான் வேலை செய்கிறது என்பதை அழகாகக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது எலிகளில்.

மனிதர்களிடம் இதைச் சோதிப்பது கஷ்டம். மாத்திரையின் நிறத்தையும் வடிவத்தையும் ஒன்றுபோலச் செய்து யாருக்கு எது என்று மறைத்துவிடலாம். லாவெண்டர் மணத்தை எப்படி மறைப்பது? மூக்கில் பட்டதுமே ஆளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த உடனே எதிர்பார்ப்பும் வந்துவிடும். இதைச் சமாளிக்க அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு வழி கண்டார்கள். ஆரோக்கியமான 56 பேரை அழைத்து லாவெண்டர், எலுமிச்சை, வெறும் தண்ணீர் மூன்றையும் வெவ்வேறு நாட்களில் முகர வைத்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு என்ன மணம், என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொன்னார்கள், மறுபாதிக்குச் சொல்லவில்லை. தோலில் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து, அது எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது என்று பார்த்தார்கள். பனிக்கட்டி போன்ற தண்ணீரில் பாதத்தை வைக்கச் சொல்லி வலியைக் கேட்டார்கள். ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன்களையும் எதிர்ப்புச் சக்தியின் குறியீடுகளையும் அளந்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. எலுமிச்சை மணம் மனநிலையைத் தெளிவாக உயர்த்தியது, முன்கூட்டிச் சொல்லப்படாதவர்களிடமும்கூட. லாவெண்டரால் அது முடியவில்லை. வலி, தோல் ஆறுவது, எதிர்ப்புச் சக்தி எதிலும் இரண்டு மணங்களுமே பலன் காட்டவில்லை.

மனம் லேசாவது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கும் நேரத்தில் ஒரு மணம் உங்களை அமைதிப்படுத்துகிறது என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்குக் கிடைக்கும் சுகம். அதைக் கட்டுரை காட்டி நிரூபிக்க வேண்டிய தேவையும் இல்லை. அறையில் மணத்தைப் பரப்பும் டிஃப்யூசர் கருவியை விடிய விடிய ஓட விடாமல் அரை மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள், அறையில் காற்றோட்டம் இருக்கட்டும், குழந்தை படுக்கிற அறையில் வேண்டாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் வேண்டவே வேண்டாம். பூனை வளர்த்தாலும் கவனம் தேவை. இந்தப் பொருள்களில் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. தூக்கத்துக்கு லாவெண்டர் முகர்வது பற்றி ஆய்வுகள் நிறையவே உண்டு. பெரும்பாலும் சின்னவை, யாருக்கு எது என்று மறைக்கப்படாதவை. நன்றாகத் தூங்கியதாகச் சொல்கிறார்கள் என்பதற்கு மேல் அவற்றிலிருந்து எதையும் உறுதியாக எடுக்க முடியவில்லை.

முகர்ந்து பார்க்கும் சிகிச்சையில் எனக்கு ஓரளவு நம்பிக்கை தந்த ஒன்று, வேடிக்கையாக, எந்தப் பூவிலிருந்தும் வந்ததில்லை. ஊசி போடும் முன் தோலைத் துடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் பஞ்சுதான் அது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் குமட்டல் பற்றி, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2018-ல் 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. அந்தப் பஞ்சை முகர்ந்தவர்களுக்குக் குமட்டல் சீக்கிரம் தணிந்தது. பெப்பர்மின்டை முகர்ந்தவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. மறதி நோய் உள்ளவர்களின் பதற்றத்துக்கும் நடத்தை மாற்றத்துக்கும் நறுமண சிகிச்சை உதவுமா என்று 2020-ல் அதே குழு 13 சோதனைகளைப் பார்த்துவிட்டு, நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

பெட்டியில் டீ ட்ரீ ஆயிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். முகப்பருவுக்கு அதன் 5 சதவீத ஜெல்லை, வழக்கமான பரு மருந்தான 5 சதவீத பென்சாயில் பெராக்சைடோடு ஒப்பிட்டு ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் செய்த சோதனை 1990-லேயே வந்தது. இரண்டும் பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, எரிச்சல் குறைவாக இருந்தது. ரோஸ்மேரியால் முடி வளரும் என்ற பேச்சு இப்போது பலமாக இருக்கிறது. அதற்கு அடிப்படை, 2015-ல் ஈரானில் 100 பேரிடம், முடி வளரத் தடவும் மருந்தான 2 சதவீத மினாக்ஸிடிலோடு ஒப்பிட்ட ஒரே ஒரு சோதனை. இரண்டு பக்கமும் முன்னேற்றம் சிறிது. எதுவும் தடவாத மூன்றாவது குழு என்று ஒன்று இல்லவே இல்லை. இதை வைத்து மினாக்ஸிடிலுக்கு நிகர் என்று சொல்வது அவசரம். தலையின் இறுக்கமான வலிக்கு நெற்றியில் 10 சதவீதப் பெப்பர்மின்ட் கரைசல் தடவுவது, ஜெர்மனியில் 1996-ல் வந்த ஒரு சிறிய சோதனையில் 1,000 மில்லிகிராம் பாராசிட்டமாலுக்கு இணையாக இருந்தது. உங்களுக்கு அப்படித் தலைவலி வந்தால், கண்ணில் படாமல், செய்து பார்க்கலாம்.

மற்றபடி புற்றுநோய்க்கு, சர்க்கரைக்கு, வைரஸ் தொற்றுக்கு என்று உங்கள் தோழி அனுப்பும் கட்டுரைகளைத் திறந்து, சோதனை எங்கே நடந்தது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் கண்ணாடித் தட்டில் இருக்கும் கிருமி மீதோ செல் மீதோ நடந்திருக்கும். ப்ளீச்சை ஊற்றினாலும் அந்தத் தட்டில் எல்லாம் செத்துப்போகும். தட்டில் கிருமியைக் கொன்ற அந்த அடர்த்தியை நம் ரத்தத்தில் கொண்டுவர முடியுமா, கொண்டுவந்தால் ஆள் பிழைப்பாரா என்பதைத்தான் கேட்க வேண்டும். எபோலா பரவிய 2014-ல், எங்கள் எண்ணெய் எபோலாவைத் தடுக்கும் என்று பரப்பிய விற்பனையாளர்களின் நிறுவனங்களுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டி வந்தது. கோபம் வருகிற விஷயம் இது. நோயாளி இழக்கும் நாட்களுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

தெரபியூட்டிக் கிரேடு என்ற முத்திரையை எந்த அரசு அமைப்பும் வழங்குவதில்லை; விற்பவர்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெயர். பக்கவிளைவே இல்லை என்பதும் உண்மை இல்லை. விண்டர்கிரீன் எண்ணெயில் ஏறக்குறைய முழுவதுமே ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவான மெத்தில் சாலிசிலேட்தான். ஒரு டீஸ்பூனில் இருக்கும் அளவு, 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் இருபதுக்கும் மேலானதற்குச் சமம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தோலில் அதிகமாகத் தேய்த்தாலே ரத்தக்கசிவு வரலாம். பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்துபோகலாம். லாவெண்டரும் எலுமிச்சையும்கூடத் திறந்த பாட்டிலில் நாள்பட இருந்தால் காற்றோடு சேர்ந்து மாறி, ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாகிவிடுகின்றன. தடவிய இடம் சிவந்து அரித்தால், நச்சு வெளியேறுகிறது என்று யாராவது சொல்வார்கள். அது ஒவ்வாமை, உடனே நிறுத்திவிடுங்கள். ஒருமுறை உடம்பில் அந்த ஒவ்வாமை வந்துவிட்டால், அதே பொருள் கலந்த சோப்பும் ஷாம்புவும் வாழ்நாள் முழுக்க ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தோலில் தடவுவதானால் 30 மில்லிலிட்டர் சாதாரண எண்ணெய்க்கு 12 சொட்டு, அதாவது சுமார் 2 சதவீதம், அதற்கு மேல் வேண்டாம்.

கடைசியாக உங்கள் மாத்திரை. அதைக் குறைக்க வேண்டாம், ஒரு நாள்கூட. நல்ல மணத்தை முகர்ந்து அமைதியாக உட்கார்ந்தால் ரத்த அழுத்தம் கொஞ்ச நேரத்துக்குச் சில புள்ளிகள் இறங்கலாம். வெறுமனே அமைதியாக உட்கார்ந்தாலும் இறங்கும். நாம் மாத்திரை சாப்பிடுவது பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தடுக்க. அதைத் தடுப்பதாக எந்த எசென்ஷியல் ஆயிலுக்கும் ஆதாரம் இல்லை. மாத்திரை தேவைதானா என்ற சந்தேகம் உங்களுக்கு நியாயமாகவே இருக்கலாம். ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு அளந்து எழுதி, டாக்டரிடம் காட்டி அந்தச் சந்தேகத்தைக் கேளுங்கள். லாவெண்டர் கேப்சூல் முயல விரும்பினால் அதையும் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்றும் விசாரிக்க வேண்டும். 41 வயதில் ரத்த அழுத்தமும் தூக்கக் கேடும் சேர்ந்து இருக்கின்றன. நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கணவரைக் கேளுங்கள். காலையில் எழும்போது தலை பாரமாக இருக்கிறதா, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறதா என்று நீங்களும் கவனியுங்கள். ஆமாம் என்றால், அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். அதற்குத் தூக்கப் பரிசோதனை உண்டு, நல்ல சிகிச்சையும் உண்டு. பலருக்கு அதன் பிறகு பிரஷரும் சற்று இறங்குகிறது. அப்படி எதுவும் இல்லை என்றால், தூக்கமின்மைக்கான நடத்தை சார்ந்த மனநல சிகிச்சையை உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். தூக்க மாத்திரைக்கு முன்பாக இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது அதுதான்.